கேட்கக் கூச்சமில்லாத இடம்

ஜூன் 9, திங்கள்

வீடு வந்து சேர்ந்தோம். மதுரையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்திருந்த ஒற்றை அறையைக் காலையில் காலி செய்தாயிற்று. புளியங்குடி தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. உலகம்மாள் முகக்கவசத்துக்கு மேலே கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு, கார் கண்ணாடியை இறக்கச் சொன்னாள். முடியாது என்றேன்.

"கிட்னியத்தான மாத்துனாங்க, மூக்கையுமா மாத்திட்டாங்க? மண்வாசனையாவது பிடிச்சுக்கிடுதேன்" என்றாள். ஒரு விரற்கடை இறக்கினேன்.

ரோட்டில் பள்ளம் வரும்போதெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து 'ஸ்ஸ்' என்றோம். அவளுக்கு வலது அடிவயிற்றில் தையல், எனக்கு இடது விலாவுக்குக் கீழே. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "புருசன் பொஞ்சாதி ரெண்டு பேருக்குமா ஆபரேசன்?" என்று கேட்டார். "இவருகிட்ட இருந்து எடுத்து எனக்கு வச்சிருக்காங்க" என்றாள் உலகு, பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் சர்க்கரை வாங்கியதைச் சொல்வது போல. அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

மதுரையில் சமைத்துப்போட்ட என் தங்கை நேற்றே பம்பாய்க்கு ரயிலேறிவிட்டாள். கடையைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனான எனக்கு இனி அடுப்படிதான் உத்தியோகம். உலகு இன்னும் குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, கூட்டத்துக்குள் போகக்கூடாது. உடம்பு புதுக் கிட்னியை எதிர்க்காமல் இருக்க, நோய் எதிர்ப்பு சக்தியையே மருந்து கொடுத்துக் குறைத்து வைத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு ஒருநாள் வயிற்றோட்டத்தோடு போவது இவளுக்கு உயிருக்கே உலை வைக்கும். டாக்டர் இதைச் சிரித்த முகத்தோடுதான் சொன்னார்.

ஜூன் 11, புதன்

காலையில் பால் பாக்கெட் வாங்கிக் காய்ச்சினேன். துணி துவைத்தேன். நேற்று வாங்கிய இட்லி மாவு டப்பாவைத் திறந்தால் பொங்கி வழிந்து, புளிப்பு வாடை முகத்தில் அடித்தது. 'கெட்டுப்போனதைத் தவிர்க்கவும்' என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் போட்டிருக்கிறது. புளித்த மாவு கெட்டுப்போனதில் சேர்த்தியா, இல்லையா?

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று சொல்லிக்கொண்டே போய், கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். "இட்லி மாவா சார்?" என்றாள். பின்னால் யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது. "ரிவ்யூவுக்கு வரும்போது டயட்டீஷியன்கிட்ட கேட்டுக்கோங்க." ரிவ்யூ இந்த மாசக் கடைசியில். இட்லி இன்றைக்கு.

ஆஸ்பத்திரியில் எங்கள் பக்கத்துக் கட்டில்காரரின் மகன் என்னை 'உயிர்த்துணை' என்று ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் சேர்த்துவிட்டிருந்தான். முழுக்கக் கிட்னி மாற்றியவர்களும் அவர்கள் வீட்டுக்காரர்களும். இதுவரை நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வேறு வழியில்லாமல் கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

சட்டி சூடாவதற்குள் பதில் வந்துவிட்டது. ரெஜினா, திண்டுக்கல் என்று பெயர். "இட்லி ஆவில நல்லா வெந்துரும் தம்பி, பயப்படாதீங்க. மாவைப் பொங்க விடாம ஃப்ரிட்ஜ்ல வைங்க, ரொம்ப நாள் வச்சு ஓட்டாதீங்க. சட்னியை அப்பப்ப அரைங்க, காலைல அரைச்சதை ராத்திரிக்குத் தொடாதீங்க. எங்க வீட்டுக்காரருக்கும் நான் இப்படித்தான்."

இட்லி கல்லாக வந்தது. அதற்கு மாவு காரணமில்லை.

ஜூன் 12, வியாழன்

இன்று இட்லி பரவாயில்லை. உலகு ஐந்து சாப்பிட்டாள்.

ஜூன் 17, செவ்வாய்

குழு ஒரு கடல். ஈயம் பூசின பாத்திரம் ஆகுமா, ஆர்.ஓ. தண்ணீரைக் காய்ச்சணுமா, கோயில் பிரசாதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தால் பாவமா, எல்லாம் கேட்கிறார்கள். யாரும் சிரிப்பதில்லை. நான் தினமும் காலையில் படித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைக்கிறேன். தகவலுக்காக மட்டும்தான்.

ஒருவர் தயிரில் கிருமி உயிரோடு இருக்கிறது என்றார். நிறுத்திவிட்டேன். இன்னொருவர் தேங்காய் வேண்டாம் என்றார், நிறுத்திவிட்டேன். ஆஸ்பத்திரித் தாளிலேயே திராட்சைப்பழம் கூடாது என்று தடித்த எழுத்தில் இருந்ததால் அது எப்போதோ நிறுத்தியாயிற்று. வாழைப்பழம், கொத்தமல்லித்தழை, நிலக்கடலை, கருவாடு எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றன.

மத்தியானம் குழைந்த சோறும் பீர்க்கங்காய்க் கூட்டும் வைத்தேன். உலகு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டயாலிசிஸ் பண்ணும்போது ஒரு டம்ளர் தண்ணிக்கு ஏங்கிக் கெடந்தேன். கிட்னி மாத்துனா மோரா குடிக்கலாம்னு நெனச்சேன். இப்ப தண்ணி தாரிய, மோரு தர மாட்டேங்குதிய."

"உன் நல்லதுக்குத்தான்."

"யாரு சொன்னா?"

"குழுவுல."

"அவங்க வீட்டு மோரா இது? நம்ம வீட்டு மோரு!"

பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டாள். ரெஜினா அக்காவிடம் தனியாகக் கேட்டேன். அக்கா திருப்பிக் கேட்டார்: "தயிரை நிறுத்தச் சொல்லி உங்க டாக்டர் சொன்னாங்களா தம்பி?" எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. பதில் போடவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

மதுரை. ரிவ்யூ. கிட்னி நன்றாக வேலை செய்கிறது. எடைதான் குறைந்துவிட்டது. டயட்டீஷியன் ஃபர்ஹானா சின்னப் பெண், வாசல்வரை வரிசை நிற்க, பொறுமையாகத்தான் கேட்டாள். நான் நிறுத்தியவற்றையெல்லாம் பெருமையாகச் சொன்னேன்.

"தயிரை யாரு சார் நிறுத்தச் சொன்னா? பாக்கெட் பாலை நல்லாக் காய்ச்சி, வீட்ல உறை ஊத்தின புதுத் தயிர் தாராளமா குடுங்க. தேங்காயும் அளவாக் குடுக்கலாம். இப்படிப் பட்டினி போட்டா அம்மா எப்படித் தேறுவாங்க?"

உலகு காரில் ஏறிக் கதவை மூடிய பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். தையல் இழுக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு திருமங்கலம் வரை சிரித்தாள். நான் செல்போனை எடுத்து, அவள் பார்க்கும்படி, குழுவிலிருந்து வெளியேறினேன்.

ஜூன் 26, வியாழன்

ரெஜினா அக்காவிடமிருந்து: "எங்க தம்பி ஆளைக் காணோம்? உலகம்மாளுக்கு ஒண்ணும் இல்லையே?"

நடந்ததை எழுதினேன். கொஞ்சம் காரமாகவே எழுதினேன். குரல் பதிவில் பதில் வந்தது. சற்றுக் கரகரத்த, நிதானமான குரல்.

"நீங்க கோபப்படுறது நியாயந்தான். அங்க நாலு பேரு நாலு சொல்வாங்க. நானுந்தான் தப்பாச் சொல்லுவேன். எதையும் ஒரு தடவை டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. ஆனா தம்பி, டாக்டர்கிட்ட உயிர் போற விஷயத்தைக் கேக்கலாம். மாவு புளிச்சதைக் கேக்கக் கூச்சமா இருக்கும்ல? அதுக்கும் ஒரு இடம் வேணும். ரெண்டையும் வச்சுக்கோங்க."

உலகு முழுவதையும் கேட்டுவிட்டு, "இந்த அக்கா ஒருத்தரு பேச்சு சரியா இருக்கு. சேருங்க" என்றாள்.

சேர்ந்துவிட்டேன். தயிர் உறைந்துகொண்டிருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

குற்றாலத்தில் நல்ல சீசன். கடையில் கூட்டமாம், தம்பி திணறுகிறான். அருவியில் கண்ணாடியைப் பறிகொடுத்தவர்கள் நேராக எங்கள் கடைக்குத்தான் வருவார்கள்.

உலகு இரண்டு கிலோ ஏறிவிட்டாள். என் ரசத்தைப் பற்றி இன்று குறை எதுவும் சொல்லவில்லை. எதிர்வீட்டு இசக்கியம்மாள் புளியரைத் தோட்டத்திலிருந்து வந்ததென்று மூன்று பம்பளிமாஸ் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். ஆரஞ்சு மாதிரி சுளையும் தடித்த தோலும் உள்ள பழம், கழுவி உரித்துத் தின்றால் கிருமிப் பயமில்லை என்று ஃபர்ஹானாவும் சொல்லியிருக்கிறாள். சுளை சுளையாக உரித்துக் கொடுத்தேன். உலகு சின்னப் பிள்ளை மாதிரி சாப்பிட்டாள். பார்க்க நன்றாக இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் காபி டம்ளர் அவள் கையில் ஆடியது. சிரித்துக்கொண்டே இன்னொரு கையால் பிடித்தாள், அந்தக் கையும் ஆடியது. நேற்றிலிருந்தே தலைவலி இருந்ததாம். என்னிடம் சொல்லவில்லை. "நீங்க பயந்துருவிய" என்றாள்.

ஆஸ்பத்திரி எண்ணில் யாரும் எடுக்கவில்லை. குழுவில் எழுதினேன். பதற்றத்தில் பாதி எழுத்து தப்பு. உடனே போன் அடித்தது. ரெஜினா அக்கா.

"தம்பி, இந்த வாரம் புதுசா என்ன குடுத்தீங்க? நிதானமா யோசிங்க. பழம் ஏதாவது?"

"பம்பளிமாஸ் குடுத்தேன்க்கா. அது நல்ல பழந்தான?"



"மத்தவங்களுக்கு நல்ல பழம். இந்த மருந்து சாப்பிடுறவங்க தொடக்கூடாது. மருந்து ரத்தத்துல தேங்கி அளவு ஏறிடும். அதாத்தான் இருக்கும்னு தோணுது, ஆனா நான் டாக்டர் இல்ல. நீங்களா மாத்திரையக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீங்க. காரை வரச் சொல்லுங்க. நம்ம ஆஸ்பத்திரியில ஞாயித்துக்கெழமை எடுக்கிற கோஆர்டினேட்டர் நம்பர் எங்கிட்ட இருக்கு, நான் பேசிட்டு உங்களுக்குப் பேசச் சொல்றேன். கிளம்புங்க தம்பி."

சட்டையை மாற்றிக்கொள்வதற்குள் கோஆர்டினேட்டர் பேசிவிட்டார். நாங்கள் வந்து இறங்கியபோது வாசலில் சக்கர நாற்காலி நின்றது.

ரத்தம் எடுத்திருக்கிறார்கள். உலகு தூங்குகிறாள். நான் உரித்துக் கொடுத்த சுளைகள் ஒவ்வொன்றும் ஞாபகம் வருகிறது. இதற்கு மேல் எழுதவில்லை.

ஜூலை 14, திங்கள்

மருந்து அளவு ஏறித்தான் இருந்திருக்கிறது. கிட்னி கொஞ்சம் திணறியிருக்கிறது, தேறிவிடும் என்கிறார் டாக்டர். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா சிக்கலாயிருக்கும். பம்பளிமாஸ்னு யாரு கண்டுபிடிச்சா?"

"வாட்ஸ்ஆப்ல ஒரு அக்கா சார்" என்றேன், திட்டுவார் என்று எதிர்பார்த்துக்கொண்டே.

"அந்த அக்காவுக்கு நான் நன்றி சொன்னதா சொல்லுங்க" என்றார்.

ஃபர்ஹானா வந்தாள். தாளை எடுத்துக் காட்டினேன். அவள் திராட்சைப்பழம் என்ற வார்த்தையில் விரலை வைத்து, முகம் சிவந்து நின்றாள். இங்கிலீஷ் தாளில் இருந்தது கிரேப் ஃப்ரூட். பம்பளிமாஸின் நெருங்கிய சொந்தம். யாரோ தமிழாக்கும்போது திராட்சை ஆகிவிட்டது. இவ்வளவு நாளும் நான் திராட்சையை வீட்டுக்குள் விடாமல் காவல் காத்திருக்கிறேன்.

"சாரி சார். நான் இதைக் கவனிச்சிருக்கணும். இன்னைக்கே மாத்திடுறேன்" என்றாள். உங்கள் பக்கம் இந்தப் பழத்துக்கு வேறு பெயர் ஏதாவது சொல்வார்களா என்று கேட்டு எழுதிக்கொண்டும் போனாள். நல்ல பெண்.

ஜூலை 17, வியாழன்

வீடு. கை ஆடவில்லை. சாயங்காலம் திராட்சை வாங்கி, நன்றாகக் கழுவிக் கொடுத்தேன். "இதுக்குத் தாள்ல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டு என் வாயிலும் ஒன்று திணித்தாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ரிவ்யூ முடிந்தது. எல்லாம் சரி. காரில் ஏறியதும் உலகு டிரைவரிடம், "திண்டுக்கல்லுக்கு விடுங்க" என்றாள். எனக்கே அப்போதுதான் தெரியும்.

"நேர்ல ஒரு வார்த்தை சொல்லாண்டாமா? அண்ணனையும் பாத்துட்டு வருவோம்."

போன் செய்தபோது ரெஜினா அக்கா தயங்கினார். "எதுக்கும்மா இந்த வெயில்ல?" என்றார். பிறகு வழி சொன்னார். மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு அமைதியான தெரு. போஸ்ட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். அறுபதைத் தாண்டிய, மெலிந்த, கண்ணாடி போட்ட அம்மா. கண்ணாடியின் ஒரு காதுப்பிடி தளர்ந்திருந்ததைப் பார்த்தேன். உலகைக் கண்டதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்துதான் தொட்டார்.

வழியில் வாங்கிய நேந்திரங்காய் சிப்ஸைக் கொடுத்துவிட்டு, "அண்ணன் எங்கக்கா?" என்று உலகு கேட்டபடியே திரும்பினாள். சுவரில் இருந்தார். சவரிமுத்து. மாலையும், சின்ன விளக்கும்.



"போன டிசம்பர்ல" என்றார் ரெஜினா அக்கா. "நிமோனியா. ரொம்ப வேகமா போயிருச்சு."

"குழுவுல யாருக்கும்..."

"தெரியாது தம்பி."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"முதல்ல சொல்லிடலாம்னுதான் போனை எடுத்தேன். அதுக்குள்ள ஒரு பொண்ணு, தேனியோ எங்கயோ, முட்டை அவிச்சா மஞ்சக்கரு கெட்டியாகணுமான்னு கேட்டிருந்தா. பாவம், வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்து முத நாளு. அவகிட்ட போய் நான் எப்படிச் சொல்ல? ஆமாம்மா, நல்லா கெட்டியாகணும்னு போட்டேன். அடுத்த நாள் வேற ஒருத்தரு. அப்படியே..." அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாப்பாட்டுல ஒரு குறை வைக்கலம்மா. தண்ணியக் காய்ச்சாம குடுத்ததில்ல. எல்லாம் பண்ணேன். போயிட்டாரு. படிச்சதெல்லாம் மட்டும் அப்படியே எங்கிட்ட கெடக்கு. அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, சொல்லுங்க?"

பிறகு, எங்களைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்:

"அதோட, அங்க வாரத்துக்கு ஒருத்தராவது 'அக்கா, அண்ணன் எப்படி இருக்காரு?'ன்னு கேப்பாங்க. 'நல்லா இருக்காருப்பா'ன்னு போடுவேன். அது ஒரு இடத்துலதான் அவரு இன்னும் நல்லா இருக்காரு."

உலகு எழுந்து போய் அவரைக் கட்டிக்கொண்டாள். தொற்று, முகக்கவசம், தூரம் என்று வாய்வரை வந்ததை நான் விழுங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

எழுத எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

இருக்கிறது. அடுப்பில் சோறு வடிக்கும்போது கை நின்றுவிட்டது. ரெஜினா அக்கா எதையும் தப்பாகச் செய்யவில்லை. தண்ணீரைக் காய்ச்சியிருக்கிறார், மஞ்சள்கருவைக் கெட்டியாக்கியிருக்கிறார். அப்படியும். நான் பம்பளிமாஸ் கொடுத்தவன்.

உலகு வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"ரெண்டு நாளா மொகத்தைத் தூக்கி வச்சிருக்கிய. நானும் போயிருவேன்னு நெனைக்கியளா?"

"சும்மா இரு."

"என்னைக்கோ ஒருநாள் போவேன்தான். நீங்களும் போவிய. அதுவரைக்கும் தெனமும் மூணு வேளை பசிக்கும்லா? நீங்க என்ன, எமனுக்கு எதிராவா சமைக்கிய? எனக்குல்லா சமைக்கிய. சாம்பார்ல உப்புப் பாத்துப் போடுங்க, அது போதும்."

சாம்பாரில் உப்பு கூடிவிட்டது. இரண்டாம் தடவையாகப் போட்டிருக்கிறேன். சிரிப்பும் அழுகையுமாக அதையே சாப்பிட்டோம். உப்பு அவளுக்கு ஆகாதென்று பாதியில் நினைவு வந்து, அவள் தட்டிலிருந்து சாம்பாரை வழித்தெடுத்துவிட்டுத் தயிரை ஊற்றினேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

குழுவில் ஒருவர்: "அக்கா, அண்ணன் எப்படி இருக்காங்க?"

ரெஜினா அக்கா: "நல்லா இருக்காருப்பா."

என் தோளுக்கு மேலே எட்டிப் படித்த உலகு, போனைப் பிடுங்கி அக்காவுக்கு அடித்தாள். "அக்கா, குத்தாலம் பாத்திருக்கியளா? டிவியிலயா? அதெல்லாம் கணக்கில்ல. சீசன் முடியப் போகுது, வாங்க. எனக்கு அருவியில குளிக்க அனுமதி இல்ல. எனக்கும் சேத்து நீங்க குளிங்க."

ஆகஸ்ட் 30, சனி

அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினார். முதல் வேலையாகக் கடைக்குக் கூட்டிப்போய் அந்தக் காதுப்பிடியை முறுக்கிக் கொடுத்தேன். பிறகு அருவி. கூட்டம் குறைவாக இருந்தது. உலகு முகக்கவசத்தோடு காரிலேயே உட்கார்ந்துகொண்டாள். அக்கா, "எனக்குப் பயமா இருக்கு, சேலையோட அடிச்சிட்டுப் போயிரும்" என்று சொல்லிக்கொண்டே பெண்கள் பக்கம் போனார்.

வெகுநேரம் வரவில்லை. நான் தேடக் கிளம்பும்போது வந்தார். தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட, நடுங்கிக்கொண்டு. உலகு கண்ணாடியை இறக்கித் துண்டை நீட்டினாள்.

"தண்ணிக்குள்ள நின்னு நல்லாச் சத்தம் போட்டு அழுதேன் உலகு" என்றார். "ஒருத்தருக்கும் கேக்கல. பக்கத்துல ஒரு பொம்பள என்னைப் பாத்துச் சிரிக்கிறா, நான் குளிர்ல கத்துறேன்னு நெனச்சுக்கிட்டு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலையில் எழுந்தபோது அடுப்படியில் சத்தம். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக உலகு இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள்.  தேங்காய்ப்பால் மட்டும் நான் எடுத்தேன்.

ரெஜினா அக்கா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் நீண்ட நேரமாக எதையோ தட்டிக்கொண்டிருந்தார். என் போனில் வந்து விழுந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுக்காரர் சவரிமுத்து போன டிசம்பர் மாசமே இறந்துட்டாரு. அவருக்குச் சாப்பாட்டால ஒண்ணும் ஆகல, அதனால யாரும் பயப்படாதீங்க. உங்ககிட்ட மறைச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க. நீங்க அவரை விசாரிக்கிறது எனக்கு நல்லா இருந்துச்சு. நான் இங்கதான் இருப்பேன். எப்பவும் போல கேளுங்க."

அதன்பிறகு குழுவில் சத்தமே இல்லை. எந்நேரமும் டிங் டிங் என்று அடிக்கும் போன் அப்படியே கிடந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இடியாப்பம் ஆவி பறந்து ஆறியது. திட்டுவார்களோ, விலகிப் போவார்களோ என்று நான் பயந்தேன்.

முதல் பதில் வந்தது. தேனிப் பெண்.

"அக்கா, நீங்க சாப்பிட்டீங்களா?"

அதன் கீழே அடுத்தது, அதன் கீழே அடுத்தது. மழை இறங்குவது போல வந்துகொண்டே இருந்தன. அக்காவால் எழுத்தைப் பார்க்க முடியவில்லை, கண்ணாடி முழுக்க நனைந்துவிட்டது.

உலகு ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் போனை எடுத்தாள். இத்தனை நாளில் அவள் அந்தக் குழுவில் எழுதிய முதல் வரி இதுதான்:

"சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. எங்க வீட்லதான்."